கல்யாண பேனரும் குதிரைத் தலை நெபுலாவும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நான் டிசைனராக இருக்கிறேன். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்து மனிதர்களுக்கு நடக்கிற எல்லாமும் ஒருமுறை என் கம்ப்யூட்டர் திரை வழியாகப் போய்த்தான் தெருமுனைக்கு வரும். காலையில் சங்கராபுரத்தில் பஸ் ஏறுவேன், சாயங்காலம் திரும்பிப் போவேன். இடையில் இருக்கிற நேரம் முழுக்க யாருடைய முகத்தையாவது வெளுப்பாக்கிக்கொண்டிருப்பேன்.

வேலையில் பெரும்பகுதி அதுதான். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, காலரில் அழுக்கு, எல்லாவற்றையும் துடைத்துவிட ஒரு ப்ரஷ் இருக்கிறது. புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு தட்டு தட்டினால் பக்கத்துத் தோல் வந்து மூடிக்கொள்ளும். “நல்லா பாலிஷ் போட்டுக் குடும்மா” என்பதுதான் வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். பெயரைக்கூட அதற்கப்புறம்தான் சொல்வார்கள்.

பின்னணிக்கு முன்பெல்லாம் அருவி, ரோஜாப் பூ, பனி மலை என்று போட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் எல்லாக் கடையிலும் அதே அருவிதான். ஒரு பேனரில் மணமக்களுக்குப் பின்னால் கொட்டிய அருவி அடுத்த தெரு கண்ணீர் அஞ்சலியிலும் கொட்டியது. புதிதாக ஏதாவது வேண்டும் என்று ஓனர் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் செல்போனை என் முன்னால் நீட்டினார். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். நெபுலா என்கிறார்களே, அந்த வானத்து மேகம், நீலமும் ஆரஞ்சுமாகப் புகை போலச் சுருண்டு நின்றது.

“இத்த எடுத்துப் போட்டா எவனாவது கேஸ் போடுவானாம்மா?”

பார்த்தேன். எடுத்தவர்கள் பெயரை ஓரமாகப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தது.

“போட மாட்டாங்கண்ணே. சும்மாவே எடுத்துக்கச் சொல்லி வெச்சிருக்காங்க.”

அன்றிலிருந்து எங்கள் கடை பேனர் எல்லாம் வானத்தில் மிதக்க ஆரம்பித்தது. மஞ்சள் நீராட்டுக்கு ஊதா நெபுலா, காது குத்துக்கு நீல நெபுலா. ஒரே ஒரு கட்சிக்காரர் மட்டும் ஓரத்தில் எதிர்க்கட்சி கலர் அடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் படங்கள் என்ன, எங்கே இருப்பவை என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ‘செவப்பு மலை’, ‘ப்ளூ ரவுண்டு’ என்று நானே பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன்.

அந்த ‘ப்ளூ ரவுண்டு’தான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

எலவனாசூர்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பம், பெண்ணுக்குக் கல்யாணம். வளையம் மாதிரி இருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நடுவில் இருந்த நீலத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினேன். மோதிரத்துக்குள் ஜோடி நிற்கிற மாதிரி அமைந்தது. ஓனர் அண்ணன் ரொம்ப நேரம் நின்று பார்த்தார். கல்யாணத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போதே ரீப்பர் கட்டையில் அடித்து, கொண்டுபோய் அவர்கள் தெருமுனையில் கட்டியும் விட்டோம்.

மறுநாள் காலையில் கடைக்குள் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, வயல் சேறு காய்ந்த ரப்பர் செருப்பு. பின்னாலேயே தையல் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். முந்தாநாள் முழுக்க நான் பாலிஷ் போட்ட முகம் என்பதால் கல்யாணப் பெண் என்று உடனே தெரிந்துவிட்டது. வந்த அம்மாள் பெண்ணின் அத்தை. அப்பாவோடு பிறந்தவர், குடும்பத்து நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

“இன்னாம்மா நெனச்சிக்கினு இருக்கீங்க நீங்கள்லாம்? சாவற நட்சத்திரத்தக் கொண்டாந்து எங்க வூட்டுக் கல்யாணத்துல வெச்சிருக்கீங்க!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த நட்சத்திரங்கம்மா?” என்றேன்.

“பத்துப் பொருத்தமும் பாத்து, ஜாதகத்த ரெண்டு எடத்துல காட்டி நாள் குறிச்சிருக்கோம். நீங்க பேனர்ல சாவு நட்சத்திரத்தப் போட்டு வெச்சா, வர்ற சனம் இன்னா பேசும்?”

சத்தம் கேட்டதும் ஓனர் அண்ணன் ப்ரிண்டிங் மெஷின் இருக்கும் அறைக்குள் போய்விட்டார். அங்கே போய்விட்டால் வெளியே பேசுவது எதுவும் கேட்காது. அது அவருக்கு ஒரு வசதி.

பெண் என் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னாள். “நா சும்மா சிரிச்சிக்கினேதாங்க்கா சொன்னேன். பேனரப் பாத்ததும், ‘ஐ, இது வளைய நெபுலா, சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் வயசாயி மேல இருக்கறதயெல்லாம் உதுத்துட்டு நிக்கறது’ன்னு. அத அத்த அப்டியே புடிச்சிக்கினாங்க.”

அவள் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். எத்தனை காது குத்துக்கு, எத்தனை பிறந்த நாளுக்கு அந்த ‘ப்ளூ ரவுண்டை’ப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

“மாத்திக் குடுத்துடறங்கம்மா, இன்னிக்கே” என்றேன்.

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “மாத்து. ஆனா ஒவ்வொரு படமும் இன்னாதுன்னு எங்கிட்ட சொல்லிட்டு மாத்து.”

அப்போதுதான் முதல்முறையாக அந்தப் படங்களுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். எனக்கு வந்த இங்கிலீஷ் பாதி, மீதியைப் பெண் சொன்னாள்.

முதலில் திறந்தது இரண்டு கேலக்ஸிகள் கை கோத்த மாதிரி இருந்த படம். பார்க்க கல்யாணத்துக்கென்றே எடுத்தது போல் இருந்தது.

“இது ரெண்டும் மோதிக்கினு இருக்குதுன்னு போட்டிருக்குதுங்கம்மா” என்றேன்.

“வேணாம்.”

“அத்த, மோதி மோதி கடைசியில ஒண்ணாயிடும்” என்றாள் பெண்.

“எத்தினி நாளாவும்?”

“கோடிக்கணக்கான வருஷம்.”

“அது வரைக்கும் சண்டயா? வேணாம், அடுத்தது காட்டு.”

அடுத்தது ஒரு நீலக் கோள். உருண்டையாக, குளிர்ச்சியாக இருந்தது. அத்தைக்கு அது பிடித்துவிட்டது. பெண்தான் கெடுத்தாள். அது வரைந்த படம், தொலைநோக்கிக்கு அந்தக் கோள் உருண்டையாகத் தெரியாது, தன் சூரியனுக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி கம்மியாகும், அதை வைத்தும் அந்த வெளிச்சத்தைப் பிரித்தும்தான் அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அங்க காத்து அடிக்கற வேகத்துல கண்ணாடித் தூளு பக்கவாட்டுல மழ மாதிரி பெய்யலாம்னு சொல்றாங்க அத்த” என்றும் சொன்னாள்.

“கண்ணாடி மழயா? பொண்ணக் கட்டிக் குடுக்கற எடத்துலயா?” என்று அத்தை கையை ஆட்டினார்.

ஒரு நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துச் சாப்பிடும் படமும் வந்தது. “இது மாமியா வூடு, அத அப்டியே வெச்சிட்டு அடுத்ததுக்குப் போ” என்றார். மெஷின் அறைக் கதவுக்குப் பின்னால் ஓனர் அண்ணன் சிரித்தது கேட்டது. எதுவும் கேட்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

கடைசியாகக் குதிரைத் தலை நெபுலா வந்தது. நான் அதற்கு ‘குதிரை’ என்றுதான் பெயர் வைத்திருந்தேன், அந்த ஒன்று மட்டும் தற்செயலாகச் சரியாக இருந்தது. கருப்பு வானத்தில் குதிரை கழுத்தைத் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு மேகம்.

“இது தூசியும் வாயுவும் சேந்த மேகம் அத்த. இந்த மாதிரி மேகத்துக்குள்ளதான் புதுசா நட்சத்திரம் பொறக்குது.”

அத்தை கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். “குதிர. பொறக்கற எடம். ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. இதயே போடு.” பிறகு திரையில் ஆரஞ்சு நிறம் இருந்த இடத்தில் விரல் வைத்தார். “ஏம்மா, இந்தக் கலரு நெஜமா? நேர்ல பாத்தா இப்டித்தான் இருக்குமா?”

எனக்குத் தெரியாது என்று பெண்ணைப் பார்த்தேன்.

“இருக்காது அத்த. இது அகச்சிவப்பு வெளிச்சத்துல எடுத்தது. நம்ம கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்கு யாரு கலரு போட்டாங்க?”

“அதுக்குன்னு அங்க ஆளுங்க இருக்காங்க. இந்த அக்கா மாதிரி.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. உலகத்தில் எங்கோ ஓர் அறையில் என்னைப் போல ஒருத்தி ஒரே இடத்தில் உட்கார்ந்து முதுகு வலிக்க நெபுலாவுக்குக் கலர் ஏற்றிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. மேலே போன கேமரா கீழே படத்தை அனுப்புகிறது, அது அப்படியே இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அத்தை மெஷின் அறைக்குப் போய் ஓனர் அண்ணனைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் பெண் என் காதருகே வந்தாள். “அக்கா, அத்தகிட்ட சொல்லிடாதீங்க. என்னோட நட்சத்திரம் திருவாதிர. வானத்துல செவப்பா இருக்குமே, அதுவே வயசாயி வெடிக்கப் போற நட்சத்திரந்தான்.” இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மதியத்துக்குள் புது பேனர் போய்விட்டது. கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். அத்தை பேனருக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடமெல்லாம் “இது நட்சத்திரம் பொறக்கற எடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெண் மலைக்குக் குடிபோனாள். போவதற்கு முன் எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாள். தொலைநோக்கி எடுத்த படங்கள் கலர் ஏற்றாமல் அப்படியே அங்கே இருக்கின்றன, நீங்களே எடுத்துப் பாருங்கள் அக்கா என்று.

சாப்பாட்டு நேரத்தில் குதிரைத் தலையை இறக்கினேன். ஒவ்வொரு ஃபைலும் எங்கள் கடையின் பெரிய பேனரைவிடப் பெரிது. நெட் மெதுவாகிவிட்டது என்று ஓனர் அண்ணன் ஒரு வாரம் முனகினார். எல்லாம் இறங்கியதும் ஆசையாகத் திறந்தேன். திரை முழுக்கக் கருப்பு. அங்கங்கே நாலு வெள்ளைப் புள்ளி. குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை.

ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்குப் போன் செய்தேன். மலையில் டவர் கிடைக்கிற இடத்துக்கு நடந்து வந்து அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“கெட்டுப் போவலக்கா. அந்த வெளிச்சம் ரொம்ப ரொம்ப கம்மி. இருட்டுலேந்து மெதுவா இழுத்துக் கொண்டாரணும்.”

இழுப்பது எனக்குப் புதிதில்லை. விளக்கில்லாத அறையில் செல்போனில் எடுத்த தாத்தாக்களின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, நாளைக்குக் காரியம் என்பார்கள். இருட்டிலிருந்து முகத்தை எடுக்க எனக்குத் தெரியும். அதே கையால், சாஃப்ட்வேரில் வெளிச்சத்தைக் கூட்டுகிற அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வளைத்தேன். கருப்புக்குள் முதலில் ஒரு மங்கல் வந்தது, அப்புறம் ஒரு விளிம்பு. விளிம்பில் இழை இழையாகப் பிடரி மயிர் மாதிரி ஏதோ எழுந்து நின்றது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அன்று மதியம் போய்விட்டது.

எல்லாம் சாம்பல் நிறம். வெளிச்சத்தைப் பிரிக்கத் தொலைநோக்கியில் வைத்திருக்கும் ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனி சாம்பல் படம். அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம், நடுவில் இருப்பதற்குப் பச்சை என்று வரிசை மாறாமல் கொடுக்க வேண்டும், இஷ்டத்துக்குப் போட முடியாது. அந்த வரிசை எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தை கேட்ட கேள்விக்கும் ஒரு பதில் கிடைத்தது: கலர் கண்ணுக்குத் தெரியும் நிறமில்லை, ஆனால் பொய்யும் இல்லை. கண்ணுக்கு எட்டாத ஒரு வித்தியாசத்தைக் கண்ணுக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தி வைக்கிறார்கள்.

பெரிய நட்சத்திரங்களின் நடுவில் கருப்பாக ஓட்டை இருந்தது. வெளிச்சம் ஜாஸ்தியானதால் கருவி அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டதாம். மூக்குக் கண்ணாடியில் ஃப்ளாஷ் அடித்த இடத்துக்குக் கண் வரைந்து பழகிய எனக்கு அது ஒரு வேலையே இல்லை. நிரப்பினேன். வீட்டிலும் லேப்டாப்பில் கொஞ்சம் செய்தேன். என் வீட்டுக்காரர் சங்கராபுரத்தில் பைக் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, “இன்னா, வானத்துக்கும் பாலிஷா?” என்றார்.

பாலிஷேதான் போட்டேன். படத்தின் மேல்பாதி கருப்பில் சின்னச் சின்னதாக அழுக்கு இருந்தது. சிலது சோற்றுப் பருக்கை மாதிரி நீளமாக, சிலது எண்ணெய்ப் புள்ளி மாதிரி மங்கலாக. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக அந்த ப்ரஷ்ஷுக்குப் போனது. தட்டு, தட்டு, தட்டு. இரண்டு மதியத்தில் வானம் புது வெல்வெட் துணி மாதிரி ஆனது. குதிரை மட்டும் தனியாக நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

இப்படிப் படம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க ஒரு குழுவாக இணையத்தில் இருக்கிறார்கள். அங்கே ஏற்றினேன். சிலர் கை தட்டினார்கள். எந்த நாடு என்று தெரியாத ஒருவர் மட்டும் தன்மையாகக் கேட்டிருந்தார்: மேகம் மிக அழகாக வந்திருக்கிறது, ஆனால் பின்னால் இருந்த கேலக்ஸிகள் எங்கே போயின?

பழைய ஃபைலைத் திறந்தேன். நான் துடைத்த இடங்களில் ஒன்றைப் பெரிதாக்கினேன். எண்ணெய்ப் புள்ளி என்று நினைத்ததற்குச் சுருள் சுருளாக இரண்டு கை இருந்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்தது பக்கவாட்டில் தெரியும் இன்னொரு கேலக்ஸி. அதற்குப் பக்கத்தில் செம்மையாக இன்னும் ஒன்று. குதிரைக்குப் பின்னால், எவ்வளவோ தூரத்தில், ஒவ்வொன்றுக்குள்ளும் கோடி கோடி நட்சத்திரம். எல்லாவற்றையும் பரு மாதிரி துடைத்திருந்தேன்.

சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஓனர் அண்ணன்தான் எதிரில் இருந்தார்.

“அண்ணே, நா கேலக்ஸியெல்லாம் அழிச்சிட்டேன்.”

அவர் நிமிர்ந்தார். “எந்தப் பார்ட்டியோடது?”

“பார்ட்டியோடது இல்லண்ணே. வானத்துல இருக்கறது.”

“பேக்கப் இருக்குதா?”

“இருக்குது.”

“அப்புறம் இன்னா? திரும்பப் போடு” என்று குனிந்து பேனர் ஓரத்தில் ஐலெட் வளையம் அடிக்கப் போய்விட்டார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

முதலிலிருந்து செய்தேன். அழுக்கு எது, கேலக்ஸி எது என்று இந்தமுறை தெரிந்துகொண்டு தொட்டேன். கருவியின் கோளாறு ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. கேலக்ஸி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு புள்ளியாக மாற்றி மாற்றிப் பார்த்து, இருக்க வேண்டியதை இருக்கவிட்டேன். முன்பு துடைத்ததைவிட இது மெதுவான வேலை. முடிய கார்த்திகை மாதம் ஆகிவிட்டது. மறுபடி ஏற்றியதும் அதே மனிதர் வந்து நன்றி சொன்னார், எந்த ஊர் என்று கேட்டார். கள்ளக்குறிச்சி என்றேன். வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பச்சையாக ஒரு மலை தெரிகிறதே, அங்கிருந்து வானம் நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிற மலைதான், இருட்டியபின் அங்கே நான் இருந்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டுக் கட்டினோம். பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது என் அம்மா ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா நாற்று நட்டும் களை எடுத்தும் எங்களை வளர்த்தவர். எதையும் அழுக்காகப் பார்க்கப் பிடிக்காது.

“ஏன்டி, இங்க எண்ண தெறிச்சிருக்குது, எத்தினி தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது!”

“அம்மா, விடும்மா, அது கேலக்ஸி” என்று ஓடினேன். பங்குச் சாமியார் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா நம்பவில்லை. என்னை வைத்துக்கொண்டே இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் துணியை மடித்தார்.

பொங்கல் விடுமுறையில் மலைக்குப் போனோம், நானும் வீட்டுக்காரரும். ஒரு சின்ன ப்ரிண்டைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டேன். கச்சிராயபாளையம் வந்து, அணையைத் தாண்டியதும் கரும்பு வாசம் நின்று குளிர் ஆரம்பித்தது. வெள்ளிமலையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அத்தை இருந்தார். அண்ணன் மகள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க நெல் மூட்டையோடு வந்திருந்தார். படத்தைக் கொடுத்தேன். பிரித்து வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக விரலால் தொட்டு, “இதுவுமா? இதுவுமா?” என்று கேட்டார். ஆமாம், ஆமாம் என்றேன்.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே வந்தோம். பெண்ணின் கணவர் பள்ளிக்கூடத்து பைனாகுலரை எடுத்து வந்தார். கிழக்கே மரங்களுக்கு மேல் மூன்று நட்சத்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

“அந்த மூணுல கீழ இருக்குதே, அதுங்கிட்டதாங்க்கா உங்க குதிர” என்றாள் அவள்.

பைனாகுலரில் பார்த்தேன். நட்சத்திரம் இருந்தது, குதிரை இல்லை. அது இதிலெல்லாம் தெரியாது என்றார் அவள் கணவர். கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தச் சொன்னார். அங்கே ஒரு மங்கல், ஊதி விட்ட பீடிப் புகை மாதிரி. அதுவும் நட்சத்திரம் பிறக்கிற மேகம்தானாம். நிறம் எதுவும் இல்லை. நான் முதன்முதலில் திரையில் இருட்டிலிருந்து இழுத்தபோது வந்த அதே சாம்பல். எனக்கு அது அடையாளம் தெரிந்தது. வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “லென்ஸுல ஏதோ பட்டிருக்குதுபோல” என்று சட்டையால் துடைத்தார். நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவருக்கு ஏன் என்று தெரியவில்லை.

அந்த மூன்று நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் சிவப்பாக ஒரு நட்சத்திரம். “அத்த, அதான் திருவாதிர” என்றாள் அவள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அப்போது அவளுக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டாள். “அதுக்கும் வயசாயிட்டுது அத்த. ஒருநாள் வெடிச்சிடும்.”

அத்தை கையை இறக்காமலே கேட்டார். “எப்போ?”

“நாளைக்கும் ஆவலாம். ஒரு லட்சம் வருஷமும் ஆவலாம்.”

அத்தை யோசித்தார். “அப்ப பொங்க வெச்சிட்டு நிதானமா பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, குளிருகிறது என்று உள்ளே போனார்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் சனிக் கோளில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். வளையம் பளிச்சென்று வந்துவிட்டது, கோள் மட்டும் கருப்பாக நிற்கிறது. முதலில் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று மூன்று தரம் திருப்பிப் போட்டேன். படித்துப் பார்த்தால், அங்கே இருக்கிற மீத்தேன் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறதாம், அதனால் அப்படித்தான் தெரியுமாம். நேற்று ஓனர் அண்ணன் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.

“நடுவுல இருட்டா இருக்குதே, கொஞ்சம் ப்ரைட்னஸ் ஏத்தும்மா.”

“இருக்கட்டும்ண்ணே” என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீயைக் குடித்தார். டீ தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.